கோமதிநாயகத்தின் கை

பிரிசில்லாவின் கழுத்தெலும்பு முறிந்தது நான்குவழிச் சாலையில். முன்னால் போன லாரியிலிருந்து அவிழ்ந்து விழுந்த தார்ப்பாய் ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டது. உயிர் பிழைத்தாள். பேச்சு, நினைவு, சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் வருகிற கோபம் எல்லாமே பிழைத்தன. தோளுக்குக் கீழே மட்டும் உடம்பு அவள் சொல்வதைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது.

அவள் பாளையங்கோட்டையில் அவசர ஊர்திக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவள். போன் வரும். அழுகிறவர்களிடம் பேசி, எங்கே, யாருக்கு, என்ன என்று பிடுங்கி எடுத்து, எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். கணினியில் இருக்கிற ‘துணை’ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருக்கும். வரைபடத்தைத் திறக்கும், ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறதா என்று பார்க்கும், இந்த வண்டியை இங்கே அனுப்பலாம் என்று யோசனையும் சொல்லும். கடைசியில் ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்துவது மட்டும் மனிதக் கையாக இருக்க வேண்டும். அதுதான் சட்டம்.

அந்தச் சட்டம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். முகத்தை, குரலை, கைநாட்டை எல்லாம் இயந்திரங்கள் போலி செய்ய ஆரம்பித்த பிறகு, திரையில் இருப்பது ஆளா இயந்திரமா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. மவுஸைப் பிடிக்கிற கை. திரையில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அம்புக்குறியைக் கொண்டுபோகும்போது இயந்திரம் கோடு போட்ட மாதிரி போகும். மனிதக் கை வளையும், இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும், நடுவில் இளைப்பாறும். அந்தப் போக்கு ஆளுக்கு ஆள் வேறு. அதற்குக் கைச்சான்று என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரி, வங்கி, அரசு அலுவலகம் என்று எங்கே போனாலும் கைச்சான்று கேட்டது.

ஆக, கை போன பிரிசில்லா எந்தக் கணினிக்கும் மனுஷி இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவர் ஜெயசிங் தன் பேக்கரியை மதியம் வரை தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு அவளைக் குளிப்பாட்டி, தலை சீவி, ஜன்னல் பக்கம் உட்கார வைப்பார். ஒருநாள் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் போகிறது, எந்த வண்டி, ஓட்டுநர் யாராக இருக்கும் என்று அவள் தன்னையறியாமல் யோசித்தாள். சத்தம் அடங்கியதும் அழுதாள்.

“வேலைக்குப் போணும்னு இருக்குங்க” என்றாள்.

“போ. யாரு வேண்டாங்கா?” என்றார் ஜெயசிங், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “மூளைதான வேலை பாக்கு. கையா பாக்கு?”

சட்டத்துக்கு அது தெரியவில்லை. சென்னையிலிருந்து நிலோஃபர் என்ற பொறியாளர் வந்திருந்தாள். துணையை வடிவமைத்த குழுவில் ஒருத்தி. பிரிசில்லாவின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள்.

“நீங்க சொல்லச் சொல்ல துணை அம்புக்குறியை நகர்த்தும் மேடம். அது ஒண்ணும் கஷ்டமில்லை. ஆனா இயந்திரமா நகர்த்தினா ‘அனுப்பு’ பொத்தான் ஏத்துக்காது. ஒரு மனுஷக் கையோட போக்கை அதுக்குக் கத்துக்கொடுக்கணும். உங்க பழைய பதிவு ஏதாவது இருந்தா நல்லது.”

“கைச்சான்றுல என் கை இருக்குமே?”

“அதுல இருக்கிறது பூட்டு மட்டும்தான். வர்ற கை உங்களுதான்னு பாக்கும். அதை வச்சு சாவி செய்ய முடியாது. சாவிக்கு முழுப் பதிவு வேணும். மாசக்கணக்குல நீங்க மவுஸ் பிடிச்ச பதிவு.”

பிரிசில்லா சிரித்துவிட்டாள்.

முழுப் பதிவு ஒருகாலத்தில் இருந்தது. அறையின் மேலாளர் கோமதிநாயகம், யார் எவ்வளவு நேரம் மவுஸை அசைக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்காணிக்க, எல்லோர் கையையும் நாள் முழுக்கப் பதிய வைத்திருந்தார். சங்கச் செயலாளராக இருந்த பிரிசில்லா அதை எதிர்த்து நின்றாள். அழுகிறவளிடம் பேசிக்கொண்டிருக்கும்போது கை அசையாது, அது சும்மா இருப்பது ஆகுமா என்று கேட்டாள். ஊர்வலம் போனார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், ஜெயித்தார்கள். பதிவுகளை அழிக்கும்படி உத்தரவு வந்தது. அன்றிலிருந்து அவளும் அவரும் வேலை சம்பந்தமாகத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

நிலோஃபர் கேட்டாள் என்பதற்காக கோமதிநாயகம் வீட்டுக்கு வந்தார். முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஜெயசிங் கொடுத்த பிளம் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணுகூட மிச்சம் வைக்கலம்மா” என்றார். “எல்லாத்தையும் அழிச்சாச்சு. நீங்கதான் என் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்து பாத்தீங்களே.”

“பாத்தேன் சார். ஒரு பிரதி எடுத்து ஒளிச்சு வச்சிருப்பீங்கன்னு அப்ப சந்தேகப்பட்டேன். இப்ப அப்படி வச்சிருக்கக் கூடாதான்னு இருக்கு.”

“நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல.”

“தெரியுது சார்.”

நிலோஃபர் தயங்கித் தயங்கி இன்னொரு வழியைச் சொன்னாள். கை இரவல். உயிரோடு இருக்கிற ஒருவர் தன் கைப்போக்கைப் பதிந்து துணைக்குக் கொடுக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அந்தக் கையால் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் கை கொடுத்தவர்தான் பொறுப்பு.

அதன் கதையும் ஊருக்குத் தெரியும். வேலை கிடைக்காத பிள்ளைகள் நிறுவனங்களுக்குக் கையைக் கொடுத்துவிட்டு வருவார்கள். ஒரே கை ஆயிரம் அலுவலகத்தில் ஆயிரம் இயந்திரங்களுக்காக நகரும். எங்கோ ஒரு இயந்திரம் தப்பு செய்யும். போலீஸ் கைக்காரனைத் தேடி வரும். கோவில்பட்டியில் ஒருத்தன், தான் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு பாலத்தின் வரைபடத்துக்கு அனுமதி கொடுத்த குற்றத்துக்காகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தான்.

“வேண்டாம்” என்றாள் பிரிசில்லா. “நான் தப்பு பண்ணினா இன்னொருத்தர் ஜெயிலுக்குப் போணுமா? இவுக கையும் மரத்துப்போச்சுன்னு டாக்டர் சொல்லுதாரு, இல்லன்னா இவுககிட்ட வாங்கியிருப்பேன்.”

ஜெயசிங் தலையைக் குனிந்துகொண்டார். பேக்கரி அடுப்பில் பலமுறை சுட்டுக்கொண்ட விரல்கள் அவருடையவை. பதிவுக்கான சோதனையில் தேறாது என்று அவருக்கே தெரியும்.

கோமதிநாயகம் கேக்கைத் தட்டில் வைத்தார். “என் கைய எடுத்துக்கிடுங்க” என்றார்.

பிரிசில்லா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், நாளைக்கு எதுனா ஆனா உங்க பேரு வரும்.”

“வரட்டும். நான் உங்கள வேவு பாத்தேன்லா? அந்தப் பதிவையெல்லாம் ஒருத்தர் விடாம படிச்சேன். அழிக்கறதுக்கு முன்னாடி. நீங்க அனுப்பின வண்டில தப்பா போனது எதுன்னு தேடிப் பாத்தேன், உங்க மேல நடவடிக்கை எடுக்கணும்னு. கிடைக்கல. பிறகு என்னம்மா பயம்?” எழுந்து நின்றார். “எனக்கு உங்களப் பிடிக்கும்னு அர்த்தமில்ல.”

“எனக்கும்தான் சார்” என்றாள் பிரிசில்லா.

சில வாரங்கள் கோமதிநாயகம் கம்பிகள் ஒட்டிய ஒரு மவுஸை வைத்துக்கொண்டு தன் வேலைகளைச் செய்தார். பதிவு முடிந்ததும் பிரிசில்லா தன் பழைய இருக்கைக்குத் திரும்பினாள். அறையே எழுந்து நின்று கைதட்டியது. அவள் முதல் போனை எடுத்தாள், கேட்டாள், “வள்ளியூர் வண்டிய பணகுடிக்கு அனுப்பு” என்றாள். திரையில் அம்புக்குறி கிளம்பியது. சற்றே வளைந்து போய், பொத்தான் மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. லேசாக நடுங்கியது. பிறகு அழுத்தியது.

பக்கத்து இருக்கைப் பெண் குனிந்து கிசுகிசுத்தாள். “சாரு அப்படியே உள்ள இருக்காரு அக்கா!”

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு ஜன்னலை மூடுவதற்குக்கூட அந்தக் கை ஆலோசனை செய்தது. வீட்டுக்குப் போய் ஜெயசிங்கிடம் சொல்லுவாள்: “நான் பேசி முடிச்சு மூச்சு விட்ட பிறகுதான் மனுசன் அழுத்துதாரு. வாழ்க்கை முழுக்க இப்படித்தான் ரெண்டு மனசா இருந்திருப்பாரு போல.” ஆனால் நாள் போகப் போக அந்தத் தாமதம் அவளுக்குப் பிடித்துப்போனது. தான் சொன்னதை ஒருவர் இன்னொருமுறை யோசித்துப் பார்த்து, சரி என்று ஒப்புக்கொள்வது போல இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும், மேலாளர் அறைப் பக்கம் நாற்காலியைத் திருப்பச் சொல்லி, “வாரேன் சார்” என்பாள். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் “ம்” என்பார். அவ்வளவுதான் அவர்களுடைய பேச்சு.

பங்குனி மாதத்தில் ஒரு முற்பகல், இரண்டு போன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரே ஒரு வண்டிதான் சும்மா நின்றது.

முதல் போன் கல்லிடைக்குறிச்சியிலிருந்து. உலகநாதன் என்ற ஓய்வுபெற்ற கண்டக்டருக்கு நெஞ்சு வலி. பேசியது மகன் சங்கரலிங்கம். இரண்டாவது மணிமுத்தாறுக்குப் போகிற வழியில் ஒரு வாழைத்தோட்டத்திலிருந்து. கதண்டுக் குளவி கொட்டிவிட்டது என்று ஒரு பெண் அலறினாள். அவள் புருஷனுக்குப் பேச்சு குழறுகிறது, முகம் வீங்கிவிட்டது.

துணை முதல் போனைத்தான் முதலில் வைத்தது. வயது, நெஞ்சு வலி, வண்டிக்குக் கிட்டத்தில் இருக்கிற வீடு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பிரிசில்லா சங்கரலிங்கத்திடம் கேட்டாள். “அண்ணாச்சி, வீட்ல கார் இருக்கா?”

“இருக்கு, ஆனா...”

“அப்பாவ நடக்க விடாதீங்க. நாற்காலியோட தூக்கிட்டு வந்து கார்ல சாய்ச்சு உக்கார வைங்க. அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரில டாக்டர வாசல்லயே நிக்கச் சொல்லுதேன். நீங்க போறதுக்குள்ள எல்லாம் தயாரா இருக்கும்.” பிறகு துணையிடம் சொன்னாள்: “மணிமுத்தாறுக்கு அனுப்பு.”

வாழைத்தோட்டத்துக்காரனுக்கு வண்டியிலேயே ஊசி போட்டார்கள். தொண்டை அடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார்கள்.

உலகநாதனை ஏற்றிய கார் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. சரக்கு ரயில் மெதுவாகப் போனது. அவரும் பிழைத்தார், ஆனால் இதயத்தில் ஒரு பாகம் போய்விட்டது. மாடி ஏற முடியாது, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். அன்றைய பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்த சங்கரலிங்கம், கணினியே எங்கள் வீட்டுக்குத்தான் வண்டி அனுப்பச் சொன்னது, நடுவில் ஒரு ஆள் மாற்றிவிட்டார் என்று புகார் கொடுத்தார். விசாரணை வைத்தார்கள். கைச்சான்றில் இருந்த பெயர் கோமதிநாயகம்.

அந்த நாள் அவர் ஊரிலேயே இல்லை. சங்கரன்கோவிலில் அக்கா மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். விசாரணை அறையில் அதைச் சொல்லவே இல்லை.

“என் கை அழுத்தினதுதான்” என்றார். “கேளுங்க, பதில் சொல்லுதேன்.”

விசாரணை அதிகாரி அன்றைய பதிவைச் சுவரில் ஓட விட்டார். அம்புக்குறி ‘அனுப்பு’ பொத்தான் மேல் வந்து நின்றது. நடுங்கியது. அழுத்தியது.

“இதைப் பாருங்கள்” என்றார் அதிகாரி. “கை தயங்கியிருக்கிறது. செய்வது தவறு என்று அழுத்துகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே அழுத்தியிருக்கிறார். இது கவனக்குறைவு இல்லை, அதைவிட மோசம்.”

சங்கரலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். கோமதிநாயகம் தன் வலது கையைப் பார்த்தார், மற்றவர் கையைப் பார்ப்பது போல.

“ஐயா, ஒரு நிமிஷம்” என்றாள் பிரிசில்லா. கூப்பிடாமலே வந்திருந்தாள். ஜெயசிங் நாற்காலியை முன்னால் தள்ளினார். “அந்தத் தயக்கம் எனக்கு இல்ல. முடிவு எடுத்தது நான். என் குரலும் பதிவாகியிருக்கும், போட்டுக் கேளுங்க. ஒரே மூச்சுலதான் சொன்னேன். ரெண்டு பேரும் சாகக் கூடாதுன்னு நெனச்சேன். ஒருத்தர்கிட்ட கார் இருந்துச்சு, இன்னொருத்தர்கிட்ட ஒண்ணுமே இல்ல. கேட் மூடியிருக்கும்னு எனக்குத் தெரியல. அது என் தப்புன்னா எனக்குத் தண்டனை குடுங்க. சார் கைய மட்டும்தான் குடுத்தாரு.”

குரலைப் போட்டார்கள். “மணிமுத்தாறுக்கு அனுப்பு.” அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அதில் நடுக்கமே இல்லை.

விசாரணைக் குழுவில் தொழில்நுட்ப உறுப்பினராக உட்கார்ந்திருந்த நிலோஃபர் தன் கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். “சார், நான் சிலதைக் காட்டலாமா?” என்றாள். சுவரில் வேறு பதிவுகள் ஓடின. கோமதிநாயகத்தின் கை ஒரு படத்தைப் பெரிதாக்கியது. நின்று, நடுங்கி, அழுத்தியது. ஒரு ஜன்னலை மூடியது. நின்று, நடுங்கி, அழுத்தியது. தேதியை மாற்றியது. அங்கேயும் அதே.

“இது சந்தேகப்பட்ட கை இல்லை” என்றாள் நிலோஃபர். “எதுக்குமே இப்படித்தான். மனசுல இருக்கிறதை இதை வச்சுச் சொல்ல முடியாது.”

பிரிசில்லாவின் முடிவு யோசித்து எடுக்கப்பட்டது, குற்றம் இல்லை என்று குழு எழுதியது. சங்கரலிங்கம் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அவர் கோபம் நியாயமானதுதான் என்று பிரிசில்லா கடைசிவரை நினைத்தாள். ஒவ்வொரு மாதமும் உலகநாதன் எப்படி இருக்கிறார் என்று ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொள்வாள்.

வராந்தாவில் நிலோஃபர் கோமதிநாயகத்தைத் தனியாக நிறுத்தினாள்.

“சார், தப்பா நினைக்காதீங்க. உங்க சின்ன வயசுலயும் கை இப்படித்தான் நிக்குமா?”

“கவனிச்சதில்லையேம்மா. ஏன்?”

“நீங்க கை குடுத்தப்ப எடுத்த பதிவோட ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் வித்தியாசம் தெரியுது. கொஞ்சம்தான். நரம்பு டாக்டர் ஒருத்தரைப் பாத்துருங்க.”

பார்த்தார். உடம்பை மெல்ல மெல்ல நடுங்க வைத்து இறுக்கிவிடுகிற நோயின் முதல் வாசல்படி அது. வெளியே ஒன்றும் தெரியாத காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம் என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். மாத்திரைகள் ஆரம்பித்தார்கள். மாத்திரை நிறைய நாள் தாக்குப்பிடித்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகும் பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோவிலுக்கு நடந்தே போய்வந்தார்.

பிறகு ஒரு மதியம், கட்டுப்பாட்டு அறை வாசலில் வந்து நின்றார். உள்ளங்கையைத் தொடையோடு அழுத்திப் பிடித்திருந்தார். பிரிசில்லா சாப்பாட்டு இடைவேளையில் இருந்தாள்.

“வாங்க சார், வாங்க. உக்காருங்க.”

“உங்ககிட்ட ஒரு இரவல் கேக்கணும்” என்றார். “மதுரைல தலைல ஒரு ஆபரேஷன் பண்ணினா நடுக்கம் நிக்கும்ங்காங்க. சம்மதம் குடுக்கணும்லா, கைச்சான்று வேணுமாம். என் வீட்டு மவுஸப் பிடிச்சேன். நீங்கள் கோமதிநாயகம் இல்லைன்னு கணினி சொல்லிட்டுது. மூணு தடவ சொல்லிட்டுது.” சிரிக்கப் பார்த்தார், வாய் கோணியது. “என் கை இந்த ஊர்லயே உங்ககிட்டதான் இருக்கு.”

பிரிசில்லா திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “இது சட்டப்படி சரியா சார்?”

“கையும் என்னுது, சம்மதமும் என்னுது. வாய் மட்டும் உங்களுது. அதத்தான் கேக்கேன்.”

துணையிடம் ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். அவர் ஒவ்வொரு வரியையும் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். ஆபத்து உண்டு என்று இருந்த வரியை இரண்டாம் முறையும் படித்தார். “சரி, சொல்லுங்க” என்றார். அவள் சொன்னாள். அவருடைய நல்ல காலத்துக் கை திரையில் வளைந்து போய்ச் சம்மதம் கொடுத்தது.

கிளம்பும்போது கேட்டார். “நான் ஆபரேஷன்ல போயிட்டா உங்க வேலையும் போயிரும்லா? உயிரோட இருக்கவன் கைதான செல்லும்?”

“அதுக்காகவாச்சும் திரும்பி வாங்க சார்” என்றாள்.

அவர் போன பிறகு ஜெபம் செய்தாள். வேலைக்காக அல்ல.

திரும்பி வந்தார். நடுக்கம் நின்றிருந்தது. ஆனால் மதுரையில் அவருக்குப் புதிதாகக் கைச்சான்று பதிந்தபோது, அந்தக் கை அவர் இரவல் கொடுத்த கையோடும் ஒத்துப்போகவில்லை, பிறகு நடுங்கிய கையோடும் ஒத்துப்போகவில்லை. விறுவிறுவென்று, நேராக, எங்கும் நிற்காமல் போகிற கை. அதனால் சட்டத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. பிரிசில்லாவிடம் இருக்கிற கை இப்போது யாருடையது? உயிரோடு இருக்கிற எந்த மனிதரும் அப்படி மவுஸ் பிடிப்பதில்லை. நிலோஃபர் சென்னையில் பலரோடு மல்லுக்கட்டினாள். அந்தக் கை இவ்வளவு காலமும் யாருடைய சொல்லுக்கு மட்டும் அசைந்ததோ, அவருடையதாகவே பதியலாம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

அப்படிப் பதிந்த அன்று காலை கோமதிநாயகம் வந்து அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பிரிசில்லா ஒரு வண்டியைத் தாழையூத்துக்கு அனுப்பினாள். பொத்தானுக்குக் கீழே ‘அனுப்பியவர்’ என்று வந்து, பக்கத்தில் அவளுடைய பெயர் விழுந்தது. விபத்துக்குப் பிறகு முதல்முறையாக.

அவள் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ள முடியவில்லை. கோமதிநாயகம் கைக்குட்டையை எடுத்து, கொஞ்சம் கூச்சத்தோடு, தன் புதுக் கையால் துடைத்துவிட்டார்.

“இனிமே எதுனா தப்பு வந்தா என்னக் கூப்பிட மாட்டாங்க” என்றார்.

“நான் கூப்பிடுவேன் சார்” என்றாள் பிரிசில்லா. “தப்பே வரலன்னாலும் கூப்பிடுவேன். வந்து உக்காந்திருங்க.”

அவர் பக்கத்து இருக்கையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த போன் வந்தது.